நாலாவது பாத்தி

புல்லை இரண்டடிச் சதுரமாகக் கொத்தி, ஒரு முனையைத் தூக்கி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டே வந்தார் அர்ச்சுனன். பாதியில் பிடித்துக்கொண்டது. குதிகாலை ஊன்றி இழுத்தார். கையோடு வந்தது மேல்புல் மட்டும்தான். வேர் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. கையிலிருந்ததை வீசிவிட்டு மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார்.

புரட்டாசி வெயில் எட்டரை மணிக்கே முதுகில் உறைத்தது. மதிலையொட்டி மூன்று பாத்திகள் முடிந்திருந்தன. இது நாலாவது. வாசற்படியிலிருந்து இந்தப் பக்கம் பாதிப் புல்தரை இன்னும் பச்சையாகவே கிடந்தது.

"அப்பா" என்று வாசலில் நின்று கூப்பிட்டாள் காவியா. "அம்மா உங்கள வரச் சொல்றாங்க."

"என்னாவாம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான். வாங்களேன்."

காவியா அவர்களுடைய ஒரே மகள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மூன்று வாரமாக லீவு போட்டுவிட்டு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்கிறாள். ராத்திரி எத்தனை தரம் எழுந்திருக்கிறாள் என்பது அவள் கண்ணுக்குக் கீழே தெரிந்தது.

அர்ச்சுனன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அறை வாசற்படியோடு நின்றுகொண்டார். உள்ளே ஜன்னல் சாத்தியிருந்தது. மருந்தும் டெட்டாலும் கலந்த வாடை. கட்டிலில் ராஜாமணி ஒருக்களித்துக் கிடந்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சள் பாரித்துக் கிடந்தது. அந்தக் கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"எத்தனாவது?" என்றாள்.

"நாலாவது."

"போதும் வுடுங்க. இப்பிடி வந்து உக்காருங்க, கொஞ்ச நேரம்."

"காலெல்லாம் மண்ணாக் கெடக்குது மணி. இந்த ஒண்ண முடிச்சி, குளிச்சிட்டு வந்து உக்கார்றன். வெயில் ஏறிடுச்சின்னா அப்பறம் வெட்ட முடியாது."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. கிளம்பப் போகிறவள், தங்கப் போகிறவரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"செரி" என்றாள்.

அவர் திரும்பி வெளியே வந்தார். வெளிச்சத்துக்கு வந்ததும் மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டார்.

அர்ச்சுனன் முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பெரும்பாலும் அரூர் – சேலம் ரூட். கல்யாணமான நாளிலிருந்து வாடகைக்கு மாடி வீடுகள்தான் அமைந்தன. ராஜாமணி பாப்பாரப்பட்டிப் பக்கம் கொல்லைமேட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். மாடிப்படி வளைவிலும் மொட்டைமாடியிலும் பெயின்ட் டப்பாக்களில் மிளகாயும் கத்திரியும் வைப்பாள். தளம் ஒழுகும் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு நாள் வந்து நிற்பார். டப்பாக்களைக் கீழே இறக்கி யாருக்காவது கொடுத்துவிடுவாள். அடுத்த வீட்டில் மறுபடியும் ஆரம்பிப்பாள்.

போன வைகாசியில்தான் அரூரில் திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் இந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். பழைய சொந்தக்காரர் மகனோடு இருக்க பெங்களூர் போய்விட்டார். போகும்போது முன்பக்கம் முழுக்க விரித்திருந்த புல்தரையையும் விட்டுவிட்டுப் போனார். காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும் புல்.

பால் காய்ச்சின அன்றைக்கே ராஜாமணி மதில் ஓரமாக ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"இந்தப் புல்ல எடுத்துட்டம்னா அவர, கத்திரி, பீர்க்கங்கா எல்லாம் போட்டுக்கலாம். ஆடிக்குள்ள மண்ணப் பொரட்டி வெச்சிரணும்" என்றாள்.

"நல்லாருக்கறத எதுக்குக் கெடுக்கணும்? சந்தையில காயா இல்ல?" என்றார் அவர்.

அவருக்கு அந்தப் புல்லைப் பிடித்துப்போயிருந்தது. சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் புல்லில் வைத்துக்கொண்டு உட்காருவார். ரோட்டில் போகிறவர்கள் கேட்டைத் தாண்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக, எந்தப் பிரயோசனமும் இல்லாத அழகான ஒரு பொருள் தனக்குச் சொந்தமாக இருக்கிறது என்று தோன்றும். இதை ராஜாமணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சந்தையையும் காயையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனி மாசத்தில் ஒரு நாள் அவர் டவுனுக்குப் போயிருந்தபோது, அவள் களைக்கொத்தால் மதில் மூலையில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் புல்லைப் பெயர்த்துவிட்டு நாலு அவரை விதையைப் போட்டு வைத்திருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்த அர்ச்சுனன் விதையைப் பொறுக்கி மதில்மேல் வைத்தார். பெயர்த்த புல்லை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்து மிதித்து, தண்ணீர் விட்டார். அவள் படியில் நின்று பார்த்துவிட்டு முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அந்தச் சதுரம் ஒரு வாரம் மஞ்சளாக இருந்து, மறுபடியும் வேர் பிடித்துக்கொண்டது. அவர் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அதைக் காட்டினார்.

"பாத்தியா, ஒட்டிக்கிச்சி" என்றார்.

ஆடி பிறந்த வாரம் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. வாயுவென்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாள். கண் மஞ்சளான பிறகுதான் சேலத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர், அர்ச்சுனனை விட்டுவிட்டு காவியாவிடம் மட்டும் பேசினார். காவியா வெளியே வந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். கணையத்தில் ஆரம்பித்து ஈரலுக்கு வந்துவிட்டது, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என்றாள். "எவ்ளோ நாளு?" என்று அவர் கேட்டார். அவள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு மாசம் சொல்றாங்கப்பா" என்றாள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் அவர் கடைவீதிக்குப் போய் கடப்பாரையும் மண்வெட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் ஒட்டவைத்த அந்த மூலையிலிருந்தே வெட்ட ஆரம்பித்தார்.

முதல் இரண்டு நாள் அவளும் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "புல்ல அங்கியே கவுத்துப் போடாதீங்க. திரும்பத் தழைஞ்சிக்கும். வெளிய கொண்டாந்து காய வுடுங்க." புல்லுக்கு அடியில் மணல். மணலுக்கு அடியில் வீடு கட்டினபோது கொட்டிய செங்கல் துண்டு, ஓடு, காங்கிரீட்டுச் சில்லு. அதற்கும் கீழேதான் செம்மண். ஒரு முழம் இறங்க ஒரு நாள் ஆனது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினார்.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மூட்டை சாணி எரு கொண்டுவந்து இறக்கினார். ஜன்னலுக்கு நேராகவே இறக்கிவிட்டார். அன்று மத்தியானம் அவள் குடித்த அரை டம்ளர் கஞ்சியும் வெளியே வந்துவிட்டது. குமட்டிக் குமட்டி, ஒன்றும் இல்லாமல் வெறும் பித்தமாக வந்தது. காவியா ஓடிவந்து, "அப்பா, அந்த நாத்தம் தாங்கல அவங்களுக்கு" என்றாள். அவர் பன்னிரண்டு மூட்டைகளையும் ஒண்டியாளாகத் தோளில் தூக்கி வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முடித்துவிட்டு வந்தபோது ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்குப் பிறகு அது திறக்கவில்லை. அவளும் பாத்தியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள்.

அவர் விடவில்லை. முதல் பாத்தியில் தண்டுக்கீரை தூவினார். சீக்கிரம் முளைப்பது அதுதான் என்று விதைக்கடையில் சொன்னார்கள். நாலு நாளில் வந்துவிடும் என்றார்கள். ஆறு நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை. குனிந்து பார்த்தால் எறும்பு வரிசையாக விதையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் தூவி, மேலே சாம்பல் போட்டார். இந்தத் தடவை பச்சையாக ஊசி ஊசியாக ஏதோ வந்தது. அவசரமாகக் குனிந்தார். தொட்டுப் பார்த்தார். புல்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் பாத்தியோரம் குந்திக்கொண்டு, கன்னம் மண்ணில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார். ஒரே ஒரு கீரை இரண்டு இலை விட்டுவிட்டால், அதை ஒரு கிண்ணத்தில் மண்ணோடு எடுத்துக்கொண்டுபோய் அவள் கண்முன்னால் காட்டிவிட்டால், அப்புறம்... அதற்குமேல் அந்த நினைப்பை முடிக்க அவருக்குத் தைரியம் வராது. முளைத்த புல்லை ஒவ்வொன்றாக விரல்விட்டுப் பிடுங்குவார். முளைக்காத பாத்திக்குப் பக்கத்தில் அடுத்த பாத்தியை வெட்டுவார்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலி ஏறும்போது ராஜாமணி ஒரு சத்தம் போடுவாள். அழுகை இல்லை, முனகலும் இல்லை. கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து மாத்திரையைக் கூட்டிக் கொடுத்த பிறகும் அது நிற்கவில்லை. கடப்பாரை கல்லில் மோதும்போது அந்தச் சத்தம் கேட்காது.

பத்தரை மணி வாக்கில் கடப்பாரை ஒரு பெரிய காங்கிரீட்டுத் துண்டில் இடித்தது. அர்ச்சுனன் அதன் ஓரத்தைத் தோண்டி, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினார். அது ஒரு பக்கம் எழும்பியது.

"அப்பா" என்றாள் காவியா உள்ளிருந்து.

டீக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். இப்போது விட்டால் கல் மறுபடியும் உட்கார்ந்துவிடும். உடம்பின் பாரம் முழுவதையும் கடப்பாரைமேல் போட்டார். கல் புரண்டு வெளியே வந்து விழுந்தது. குழியில் ஈரமான செம்மண் தெரிந்தது. அதில் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்தது.

"அண்ணா." இது பக்கத்து வீட்டு ஜானகியம்மாளின் குரல். காலையில் விரிப்பு மாற்ற, துடைத்துவிட காவியாவுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வருகிறவள். எப்போதும் கொல்லைக்கும் வாசலுக்கும் கேட்கிற மாதிரிப் பேசுபவள், இப்போது மெதுவாகச் சொன்னாள். "உள்ள வாங்கண்ணா."

அவருக்குத் தெரிந்துவிட்டது. அறை வாசற்படியில் இந்தத் தடவை நிற்கவில்லை. கட்டில் வரைக்கும் மண்ணுக் கால் பதிந்துகொண்டே போனது. காவியா தன் உள்ளங்கையை அம்மாவின் தாடைக்குக் கீழே கொடுத்து, வாய் திறந்துகொள்ளாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. கையை எடுத்தால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் முகத்தில் இருந்தது.

"கட்டறதுக்குத் துணி வேணும்" என்றாள் ஜானகியம்மாள்.

அர்ச்சுனன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அது வேர்வையில் ஊறி, செம்மண் அப்பிக் கிடந்தது. அவள் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இது வேணாம்ண்ணா" என்று பீரோவைத் திறந்து வேறு எடுத்தாள். அவர் துண்டைச் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எதனாச்சும் கேட்டாளா?" என்றார்.

காவியா மறுகையால் அம்மாவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"இல்லப்பா. தூக்கத்துலயே போயிட்டாங்க."

அவள் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. ராஜாமணியின் அண்ணன் சென்றாயன் தகவல் கிடைத்ததும் கொல்லையில் மாட்டை அவிழ்த்தது அவிழ்த்தபடி விட்டுவிட்டு வந்திருந்தார். தங்கையின் தலைமாட்டில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு வெளியே வந்து அர்ச்சுனனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தன மணிக்கு மாப்ள?"

"பத்தே முக்கா இருக்கும்."

"பக்கத்துல இருந்தீங்களா?"

அர்ச்சுனன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து யாரும் கழுவச் சொல்லவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

"வெளிய இருந்தன் மச்சான்" என்றார்.

சென்றாயன் தலையை ஆட்டினார்.

உள்ளே பெண்கள் நடுவில் ஜானகியம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் பழையபடி ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கூடத்துக்குக் கேட்டது.

"ரெண்டு தரம் கைய ஜன்னல் பக்கமா நீட்டுச்சிங்க. இதென்னடா, சாத்திக் கெடக்குதேன்னு நான்தான் போயித் தொறந்து வுட்டன். அங்க அண்ணன் வெட்டிக்கிட்டு இருந்தாரு. அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சி. கண்ணு சிமிட்டவே இல்ல. செரி, பாக்கட்டும்னு நானும் வுட்டுட்டன். அப்பறம் காவியாதான் அம்மா அம்மான்னு தொட்டுப் பாக்குது..."

அர்ச்சுனன் எழுந்து வெளியே போனார். நாலாவது பாத்தியில் காலையில் நின்ற இடத்தில் போய் நின்றார். அங்கிருந்து ஜன்னல் பத்தடிகூட இல்லை. காலையில் எந்தப் பக்கம் பார்த்து நின்றோம் என்று யோசித்தார். பிடுங்கிய கல் கிடந்த இடத்தைப் பார்த்தார், கடப்பாரை சாய்ந்திருந்த திசையைப் பார்த்தார். சந்தேகமே இல்லை. முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

சாமியானா போட ஆட்கள் வந்தார்கள். ஒருவன் பாத்திகளைப் பார்த்துவிட்டு, "இத மூடி மட்டம் பண்ணிட்டா ஒரு அம்பது சேர் போட்டுக்கலாங்க. இப்பிடியே வுட்டா ஆள் தடுக்கி வுழுவாங்க" என்றான். கையோடு மண்வெட்டியையும் எடுத்துவிட்டான்.

"மூடாதீங்க" என்றார் அர்ச்சுனன்.

"இல்லீங்க, மழ கிழ வந்தா சேறாயிரும்..."

"மூடாதீங்கன்னு சொல்றன் இல்ல."

குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சென்றாயன் வந்து அந்த ஆளின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, "தெருவுலயே போட்ருங்கப்பா. வண்டி எதுவும் வராது" என்றார்.

மூன்றரை மணிக்குக் குளிப்பாட்டினார்கள். வீட்டுக்குப் பின்னால் எரு மூட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதனால் முன்பக்கத்திலேயே, இன்னும் வெட்டாமல் கிடந்த புல்லின்மேல் பெஞ்சைப் போட்டார்கள். ராஜாமணியைத் தூக்கிவந்து கிடத்தினார்கள். நாலு பெண்கள் நாலு பக்கமும் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். அர்ச்சுனனைக் கூப்பிட்டு எண்ணெய் வைக்கச் சொன்னார்கள். கையைக் கழுவி, கொடுத்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் போனார். ஆனாலும் அவளுடைய உச்சந்தலையில் எண்ணெயைத் தேய்த்தபோது நகக்கண்ணில் செம்மண் இருந்தது. தலை எவ்வளவு சின்னதாகிவிட்டது என்று நினைத்தார். சீயக்காயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பெண்கள் குடத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தார்கள்.

தண்ணீர் பெஞ்சிலிருந்து வழிந்து புல்லில் இறங்கியது. மஞ்சளும் சீயக்காயும் கலந்த தண்ணீர். புல் கொஞ்ச நேரம் அதைக் குடித்தது. அப்புறம் குடிக்க முடியாமல் விட்டுவிட்டது. தண்ணீர் சரிவைப் பார்த்து நகர்ந்து, பாத்திகளுக்கு நடுவே அவர் இழுத்திருந்த வாய்க்காலைக் கண்டுபிடித்தது.

"மாமா, அந்தத் தண்ணி பாத்தியில போவுது பாருங்க. காய்கறி போடற எடம். ஆவாது. சாக்கடப் பக்கம் திருப்பி வுடுங்க" என்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி சேலை மறைப்புக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

சென்றாயன் மண்வெட்டியோடு வந்து, வாய்க்காலின் வாயில் ஒரு வெட்டு மண்ணை அள்ளி வைக்கக் குனிந்தார். அர்ச்சுனன் அவர் கைப்பிடியின்மேல் கையை வைத்தார்.

"வுடுங்க மச்சான்."

சென்றாயன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"போவட்டும்" என்றார் அர்ச்சுனன்.

முதல் பாத்தி நிறைந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. உள்ளே இன்னொரு குடம் ஊற்றும் சத்தம் கேட்டது. தண்ணீர் நாலாவதுக்கு வந்தது. அதற்கு மூன்று பக்கம்தான் கரை இருந்தது. நாலாவது பக்கம் இன்னும் வெட்டப்படாத மண்ணும் பிய்ந்த புல்லுமாகத் திறந்து கிடந்தது. தண்ணீர் அந்தப் பக்கமாக வெளியே போகப் பார்த்தது.

அர்ச்சுனன் முழங்காலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்தார். புது வேட்டி என்று யாரோ பின்னால் சொன்னார்கள். இரண்டு கையாலும் ஈர மண்ணை அள்ளி, திறந்த பக்கத்தில் வைத்து அழுத்தினார். கரைந்தது. மறுபடியும் அள்ளி வைத்தார். பக்கத்தில் கிடந்த புல் கட்டி ஒன்றை எடுத்து அண்டக் கொடுத்து, அதன்மேல் மண்ணைப் போட்டு, உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வந்தார்.

தண்ணீர் ஒரு விரற்கடை உயரத்துக்கு நின்றது. மேலே மிதந்து வந்த சீயக்காய் நுரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவர் விரல் தடம் பதிந்த கரையில் போய் ஒட்டிக்கொண்டது.